ஏழாவது சத்தம்

நவமணிக்குக் காது கூர்மை என்பதை அவளுக்கு முன்னால் கண்டுகொண்டவர்கள் அவளோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெண்கள்தான். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பதினான்கு வயதிலேயே அவள் கத்தியும் வாளியுமாக மர நிரைக்குள் இறங்கிவிட்டாள். கீழே குனிந்து மரப்பட்டையில் கோடு இழுத்துக்கொண்டிருப்பாள். நிமிராமலே, "ஆத்துப் பக்கமா வாரான்" என்பாள். அவ்வளவுதான். வெற்றிலை போட உட்கார்ந்தவர்கள் எழுந்து ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆற்றுப் பக்கத்திலிருந்துதான் வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். அவர் சைக்கிள் சங்கிலி மற்றவர்களுக்கு வெறும் கரகரப்பு. அவளுக்கு அது எந்தத் திசையில், எத்தனை நிரை தள்ளி என்பதுவரை தெரியும். வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தியைக்கூட அந்த மண்டோரால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

அந்த மண்டோரின் மகன்தான் அர்ச்சுனன்.

எழுபத்தேழில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்து வீடுகளில் இருந்த சனம் ஆளுக்கொரு திசையாய்ப் போனது. நவமணி பத்துமலை என்பவனைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறினாள். பத்துமலைக்குச் சிம்பாங் பூலாய் சுண்ணாம்பு மலையில் கல் உடைக்கும் வேலை. வெடி வைத்து வெடி வைத்து அவனுடைய வலது காது செத்துப்போயிருந்தது. சமையல்கட்டிலிருந்து அவள் கூப்பிட்டால் அவன் வாசலில் போய்ப் பார்ப்பான். வாசலிலிருந்து கூப்பிட்டால் குளிக்கும் அறையில் தேடுவான். "சத்தம் கேக்குது, ஆனா நீ எங்க இருக்கன்னு தெரியலலா" என்பான். அவளுக்குச் சிரிப்பாக வரும். ஒரு காது போனதற்கே இந்தப் பாடா என்று அப்போது நினைத்தாள்.

ஐந்தாம் படிவம் வரை படித்த அர்ச்சுனன், ஈப்போவில் ஹெட்போன் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக ஆகியிருந்தான். எண்பத்தொன்றில் அவன்தான் அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தான். "நம்ம தோட்டத்து ஆளு, காது நல்ல காது" என்று ஆபீசில் சொன்னானாம். அதை அவள் நெடுநாள் நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை சோதனை மேசையில். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு ஹெட்போனையும் தலையில் மாட்டி, டேப்பைப் போட்டு மூன்று சத்தம் கேட்க வேண்டும். இடது காதில் ஒரு டிக், வலது காதில் ஒரு டிக், பிறகு நடு மண்டையில் ஒரு டிக். நடுச் சத்தத்தில்தான் சூட்சுமம். ஒரு பக்கத்துக் கம்பியை யாராவது தலைகீழாகப் பற்றவைத்திருந்தால், அந்தச் சத்தம் நடுவில் நிற்காது. புகைபோல இரண்டு பக்கமும் கலைந்து போகும். புதிதாக வந்த பெண்கள் இதைப் பிடிக்க ஒரு மாதம் திணறுவார்கள். அவள் முதல் நாளே பிடித்தாள்.

அவளுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து கம்பி பற்றவைப்பவள் மெஹர்பானு. ஈப்போவிலேயே பிறந்தவள், சாப்பாட்டுக் கடை ஜைனுலாப்தீனின் மூத்த மகள், நவமணியைவிட ஆறு வயது இளையவள். இரண்டு பேருக்கும் நடுவே, மேசைமேல், ஒரு தலை இருந்தது. ரப்பரில் செய்த மனிதத் தலை. மூக்கு உண்டு, மனிதர்களுக்கு இருப்பது போலவே மடிப்பு மடிப்பான காதுகள் உண்டு. அந்தக் காதுகளுக்குள் மைக். ஹெட்போனை அதன் தலையில் மாட்டியும் சோதிப்பார்கள். முகம் நவமணி பக்கம், பின்னந்தலை பானு பக்கம். பெண்கள் அதற்கு மொட்டையன் என்று பேர் வைத்தார்கள். நவமணி ஒருநாள் அதற்குப் பொட்டு வைத்தாள். மறுநாள் பானு கைக்குட்டையை முக்காடாகக் கட்டிவிட்டாள்.

"பொட்டும் முக்காடும் வச்சா எந்தக் கோயிலுக்குப் போவான் இவன்?" என்றாள் நவமணி.

"எங்கயும் போவமாட்டான் அக்கா. ஓவர்டைம் பாக்குறான்ல."

மொட்டையன் எதற்கு என்று அர்ச்சுனன்தான் அவளுக்குச் சொன்னான். ஜப்பானிலிருந்து வந்த இஞ்சினியர் அவனுக்குச் சொல்லியிருந்தார். வலப்பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது வலது காதை முதலில் தொடும், இடது காதைக் கொஞ்சம் பிந்தித் தொடும். கண் சிமிட்டும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை அந்தப் பிந்தல். ஆனாலும் மூளை அதை அளந்துவிடும். அதோடு நம் தலையே நடுவில் நின்று மறைப்பதால் அந்தப் பக்கத்துக் காதுக்குச் சத்தம் மட்டாகத்தான் போகும். இந்த இரண்டையும் வைத்துத்தான் இடம் தெரிகிறது. மொட்டையனுடைய இரண்டு காதிலும் விழுவதை அப்படியே பதிந்து, ஒருவருடைய இரண்டு காதிலும் ஹெட்போன் வழியாகப் போட்டால், அவர் மொட்டையன் இருந்த இடத்தில் தானே உட்கார்ந்திருப்பது போல உணர்வார்.

நவமணிக்குப் பத்துமலை ஏன் வீடெல்லாம் தேடுகிறான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் வேலை நேரத்தில் பேசக்கூடாது. ஆகவே பெண்கள் தட்டினார்கள். சாமணத்தின் முனையால் இரும்புத் தட்டின் விளிம்பில் சின்னதாய் ஒரு தட்டு. ஒருத்தி தட்டினால் பக்கத்தில் இருப்பவள் அதை வாங்கி அடுத்தவளுக்குக் கொடுப்பாள். வேகமாய் இரண்டு தட்டினால், சூப்பர்வைசர் வருகிறான். மெதுவாய் மூன்று தட்டினால், பெல்ட் ஓட்டம் அதிகம், கையைக் குறை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் பெல்ட்டை முடுக்கிவிடுவார்கள். மூன்று தட்டு கிளம்பும். நாற்பது பெண்களும் ஒன்றுபோலக் கை தளர்வார்கள். பெல்ட்டில் சாமான் குவியும். வேறு வழியில்லாமல் ஓட்டத்தைக் குறைப்பார்கள். தமிழச்சி, மலாய்க்காரி, சீனத்தி என்ற பேதம் அந்தத் தட்டுக்குக் கிடையாது.

அதைத் தொடங்கிவைப்பவள் நவமணி.

அவள்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாள் முழுக்க ஹெட்போன் மாட்டியிருப்பவளுக்கு வெளியே என்ன கேட்கும் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்த ஹெட்போனில் இருந்தது மெல்லிய பஞ்சு. வெளிச்சத்தம் தாராளமாய் உள்ளே வரும். அர்ச்சுனனுடைய இடது சப்பாத்து நடக்கும்போது லேசாகக் கீச்சிடும். அவன் தண்ணீர்க் குழாய் அருகில் திரும்பும்போதே அவள் கை சாமணத்தைத் தேடும். அப்பனுக்குச் சங்கிலி, மகனுக்குச் சப்பாத்து. இது பானுவுக்குக்கூடத் தெரியாது. தட்டு எங்கே தொடங்குகிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை என்பது பெண்களுக்குள் ஒரு பேசாத ஒப்பந்தம்.

எண்பத்து நான்கில், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அர்ச்சுனன் அவள் மேசையருகே வந்து நின்றான்.

"அக்கா, சோதனை மேசைக்கெல்லாம் கியூசி லீடர்னு ஒரு ஆளு எடுக்கப் போறாங்க. நான் உங்க பேரத்தான் சொல்லியிருக்கேன். ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு."

"எனக்கு இங்கிலீசு வராதே தம்பி."

"இங்கிலீசு வேணாலா. காது போதும்."

கண்ணாடிக் கதவு போட்ட அறையில் அவளை உட்காரவைத்தான். ஒரு தாளில் வட்டம் போட்டு, ஒரு பக்கம் மூக்கு மாதிரி ஒரு முனை வரைந்திருந்தது. டேப்பில் பன்னிரண்டு சத்தம் வரும், மொட்டையனைச் சுற்றி நின்று தட்டிப் பதிந்தது, ஒவ்வொன்றும் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்த இடத்தில் நம்பரைப் போட வேண்டும் என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் சத்தம் வலது தோளுக்கு மேலே. இரண்டாவது இடது காதுக்கு நேரே. மூன்றாவது பின்னால். ஒவ்வொன்றும் இருட்டில் ஒரு விளக்கை ஏற்றினாற்போலத் தன் இடத்தில் எழுந்து மறைந்தது. கை தானாக எழுதியது. ஏழாவது சத்தம் பின்னால், நேர் பின்னால். அந்தச் சத்தத்தோடு மெல்லியதாய் இன்னொன்றும் கேட்டது. மேலே ஓடும் காத்தாடியின் உராய்வு. மற்ற பதினொன்றிலும் அது இல்லை. அவள் கை ஒரு நொடி நின்றது. எங்கேயோ கேட்ட காத்தாடி என்று தோன்றியது. அர்ச்சுனன் பேனாவின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் 7 என்று எழுதினாள்.

பன்னிரண்டும் முடிந்ததும் தாளின் அடியில் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டாள். "இந்த மாதிரி காது யாருக்கு வரும் அக்கா" என்றான். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் பத்துமலைக்குப் பிடித்த கோழிக்கறி வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் காலையில் பானுவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு கடிதம். சாப்பாட்டுத் தூக்கையும் பையையும் எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற?" என்றாள் நவமணி.

"வூட்டுக்கு. நான்தான் எல்லாரையும் தூண்டிவிடுறேனாம். தட்டிக் குடுக்குறது நான்தானாம்." சிரிக்கப் பார்த்தாள்; உதடு சரியாகப் பிரியவில்லை. "மொட்டையன பாத்துக்க அக்கா."

பத்தரை மணித் தேத்தண்ணி இடைவேளைக்குள் செய்தி வந்துவிட்டது. கொண்டுவந்தவள் கருப்பம்மாள், வரிசையிலேயே மூத்தவள். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியின் மேசைமேல் ஒரு தாள் கிடந்ததாம். வட்டம் போட்ட தாள். அதில் ஏழு என்ற நம்பரைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் மெஹர்பானு பேரை எழுதியிருந்ததாம். அடியில் நவமணி கையெழுத்து.

"அது ஒரு டெஸ்ட்டுன்னு சொன்னாங்க" என்றாள் நவமணி. "எனக்கு ஒன்னும் தெரியாது அக்கா."

கருப்பம்மாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினாள். "உனக்குத் தெரியாம உன் கை எழுதிருச்சா?"

"நான் பானுவ காட்டிக் குடுப்பேனா?"

"அத என்கிட்ட கேக்காத. உன் காதுகிட்ட கேளு."

அன்று பிற்பகல் பெல்ட்டை முடுக்கினார்கள். நவமணி சாமணத்தால் மூன்று தட்டினாள். பக்கத்தில் இருந்தவள் வாங்கவில்லை. மறுபடியும் தட்டினாள். நாற்பது தலைகளும் குனிந்தபடியே இருந்தன. கைகள் பெல்ட்டோடு ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு கீச்சிடும் சப்பாத்து குழாயடியில் திரும்பியது. வேகமாய் இரண்டு தட்டினாள். யாரும் நகரவில்லை. வாயில் மிட்டாய் போட்டிருந்த ஒரு சீனப்பெண் அர்ச்சுனனிடம் அகப்பட்டாள். அவள் அர்ச்சுனனைத் திட்டவில்லை. நவமணியைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஏழாவது சத்தம் நவமணியை விடவில்லை. காத்தாடி அவர்களுடைய வரிசைக்கு மேலே ஓடும் காத்தாடிதான், இப்போது சந்தேகமில்லை. அந்த வரிசையில் மொட்டையனுக்கு நேர் பின்னால் இருப்பது பானுவின் இடம். ஆனால் பானு ஒருநாளும் தட்டைத் தொடங்கியவளல்ல. வாங்கிக் கொடுப்பதற்கே பயந்து பயந்து தட்டுகிறவள். தன் காது பொய் சொல்லாது என்றுதான் அவள் இத்தனை வயதும் நம்பி வந்திருக்கிறாள். அப்படியானால் பானுவின் இடத்திலிருந்து தட்டியது யார்?

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் மேசையிலேயே இருந்தாள். மொட்டையனுடைய கம்பியை டேப்பில் செருகிப் பதிய விட்டாள். தன் இடத்தில் உட்கார்ந்து, மொட்டையன் மூக்குக்கு நேரே, வழக்கமாய்த் தட்டும் தட்டிலேயே இரண்டு தட்டினாள். பிறகு சுற்றிப் போய்ப் பானுவின் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு தட்டினாள். டேப்பைத் திருப்பி ஓட்டி, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினாள்.

நான்கு சத்தமும் பின்னால் கேட்டன.

மறுபடி ஓட்டினாள். நான்கும் பின்னால்தான். சத்தம் எங்கே என்று பார்க்கத் தலையைத் திருப்பினாள். சத்தமும் அவளோடு திரும்பி, பின்னாலேயே நின்றது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நேர் முன்னால் எழும் சத்தமும் நேர் பின்னால் எழும் சத்தமும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் போகின்றன. பிந்துவதும் இல்லை, மட்டாவதும் இல்லை. நிரைக்குள் சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் அறியாமலே தலை இந்தப் பக்கம் அரை விரல், அந்தப் பக்கம் அரை விரல் அசைந்திருக்கும். அந்த அசைவில்தான் முன்னும் பின்னும் பிரிந்திருக்கும். அப்புறம் காது மடலின் மடிப்புகள். பிறந்ததிலிருந்து பழகிய அவளுடைய மடிப்புகள். டேப்பில் தலையைத் திருப்ப முடியாது. காதும் அவளுடைய காதல்ல, மொட்டையன் காது.

ஏழாவது சத்தம் மொட்டையனுக்கு முன்னாலிருந்து வந்தது. அவள் தட்டியது. தன் தட்டையே கேட்டு, அதைப் பானுவின் இடத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

அர்ச்சுனன் சாமான் அறையில் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். முகத்தில் ஆச்சரியம் எதுவும் வரவில்லை.

"உனக்குத் தெரியுமா இது?"

"இஞ்சினியர் சொல்லியிருக்காரு. முன்னும் பின்னும் மாறிக் கேக்கும்னு." பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான். "பன்னெண்டுல பதினொன்னு நான் தட்டுனது. ரெண்டு தடவ முன்னால நின்னு தட்டுனேன். அந்த ரெண்டயும் நீங்க பின்னாலதான் போட்டீங்க. ஏழாவதயும் பின்னால போட்டீங்க."

"ஏழாவது?"

"அது மட்டும் லைன்ல எடுத்தது. மெஷின ஓட விட்டு வச்சிருந்தேன்."

"அப்ப அது முன்னாலயும் இருக்கலாம்னு உனக்குத் தெரியும்."

அவன் அடுத்த பெட்டியின் மூடியைத் திறந்து எண்ணத் தொடங்கினான்.

"முன்னால யாரு இருக்கான்னும் தெரியும்."

"அக்கா, எங்கப்பா சைக்கிள கேட்டு நிரைக்கே சொல்லிக் குடுத்தது யாருன்னு எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும். சாவுற வரைக்கும் அத சொல்லித்தான் சிரிப்பாரு. எனக்கு மட்டும் தெரியாதா?" குரலைத் தாழ்த்தினான். "தட்டுறது யாருன்னு மேல ஒரு பேரு கேட்டாங்க. குடுக்கலன்னா என்னத் தூக்கிருவாங்க. ஒரு தோட்டத்துச் சோறு தின்னுட்டு உங்கள எப்படிக் குடுக்கறது சொல்லுங்க."

"அதனால பானுவ குடுத்த."

"நான் குடுக்கலலா. பேப்பர்லதான் இருக்கு."

"என் கையால எழுத வச்ச."

"உங்க கையெழுத்து இருந்தா உங்கள யாரும் சந்தேகப்பட மாட்டாங்கள்ல. உங்களுக்காகத்தான் அக்கா செஞ்சேன்."

அவன் அதை உண்மையாகவே சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டம் போட்டுக் கெடுத்தவன் என்றால் காறித் துப்பிவிட்டு வந்துவிடலாம். இவன் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே, அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நம்பிக்கொண்டே, அவளுக்கென்று இருந்த ஒரே திறமையை எடுத்து அவள் தோழியின் கழுத்தில் வைத்திருக்கிறான். அந்த அறையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சத்தமாக ரசித்துக்கொண்டிருந்தபோது, அவன் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

அவள் நேரே ஆபீசுக்குப் போனாள். பானுவின் கடிதத்தில் "இடையூறு தூண்டியவர்" என்று இருந்தது. அந்த வார்த்தையோடு அந்தத் தொழிற்பேட்டையில் வேறு எந்தக் கம்பெனியும் அவளை எடுக்காது. அந்த வார்த்தையை நீக்கவைத்தால் போதும் என்று நவமணி நினைத்தாள். வேலைக்குத் திரும்பக் கூப்பிடாவிட்டாலும் பேராவது சுத்தமாகட்டும்.

பணியாளர் மேனேஜர் பொறுமையாகத்தான் கேட்டார். சந்தையில் பேசிப் பழகிய தன் பாசார் மலாயில் அவள் சொன்னாள். அந்தத் தட்டு என்னுடையது, மூன்று வருசமாய் என்னுடையது, அந்தப் பெண்ணுக்கு இதில் ஒன்றுமில்லை. மொட்டையனைப் பற்றியும் முன்பின் பற்றியும் சொன்னாள். வேண்டுமானால் இப்போதே தட்டிக் காட்டுகிறேன், நீங்களே மாட்டிக் கேளுங்கள் என்றாள். அவர் ஹெட்போனைத் தொடவில்லை. மெஹர்பானுவின் கோப்பை எடுத்துத் திறந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியானால் இரண்டு பேர்" என்றார்.

பானுவின் பேருக்குக் கீழே நவமணியின் பேரையும் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே அவளுக்கும் ஒரு கடிதம் தயாராகிவிட்டது. அதே வார்த்தை.

அடுத்த வாரம் அவள் ஜைனுலாப்தீன் கடைக்குப் போனாள். நாலு மணி, கூட்டமில்லாத நேரம். பானு ஒரு மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நவமணி எதிரே உட்கார்ந்தாள். நடுவில் மொட்டையன் இல்லாமல் அவர்கள் இப்படி உட்காருவது இதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் சொன்னாள். தட்டைத் தொடங்குவது தான்தான் என்பதை, அந்தத் தாளை, டேப்பில் நான்கு சத்தமும் பின்னால் கேட்டதை, அர்ச்சுனன் சொன்னதை, மேனேஜர் எழுதியதை. பானு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப முன்னாலேருந்து வந்த சத்தத்ததான் பின்னால எழுதிட்ட."

"ஆமா."

"அது உன் தப்பு இல்ல. யாரு மாட்டுனாலும் அப்படித்தான் கேட்டிருக்கும்."

பானு கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒன்னு கேக்கறேன் அக்கா. அந்த ஏழாவதுல மட்டும் காத்தாடி கேட்டுச்சுன்னு சொன்னியே. அது எப்பக் கேட்டுச்சு? இப்ப யோசிச்சுப் பாக்கும்போதா, இல்ல அங்க உக்காந்திருக்கும்போதேவா?"

பொய் சொல்வதற்கு இடம் இருந்தது. கடையில் வேறு யாருமில்லை. அந்த நொடியை அவளைத் தவிர அறிந்தவர்கள் யாருமில்லை.

"அங்கயே கேட்டுச்சு."

"நம்ம காத்தாடின்னு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"அப்ப ஏன் எழுதுன?"

நவமணி மேசையைப் பார்த்தாள். "பன்னெண்டும் சரியாப் போடணும்னு இருந்துச்சு பானு. ஒன்ன விட்டுட்டா லீடர் வேல போயிருமேன்னு."

பானு தலையாட்டினாள். கோபத்தோடு அல்ல. தேடிக்கொண்டிருந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டாற்போல. "அவன் உன்ன ஏமாத்துனான். அது தெரியுது" என்றாள். வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போவதற்கு முன், அடுப்பருகே நின்ற தகப்பனாரிடம், "அத்தா, அக்காவுக்கு ஒரு தேத்தண்ணி போடுங்க" என்றாள். தேத்தண்ணி வந்தது. பானு வரவில்லை. உள்ளே சட்டிகளைக் கழுவும் சத்தம் இடது பக்கமாய்க் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது கொல்லைப் பக்கம் நகர்ந்தது. நவமணி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தாள்.

பிறகு அவள் எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை, போனாலும் எடுத்திருக்கமாட்டார்கள். சிம்பாங் பூலாயில் காய்கறி மூட்டை பிரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லோரும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள், தட்ட வேண்டியதில்லை. வீட்டில் பத்துமலையை இருந்த இடத்திலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டாள். எழுந்து போய் அவனுடைய இடது பக்கம் நின்று பேசுவாள்.

அந்த வருசத் தீபாவளிக்கு மறுநாள், சாயங்காலம் அவள் வாசற்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சந்து முனையில், வலது பக்கம், ஒரு சப்பாத்து கீச்சிட்டது. இன்னும் பத்து வீடு இருக்கிறது. அவன் கையில் பலகாரத் தகரம் இருக்கும். அக்கா என்று கூப்பிடுவான். உங்களுக்காகத்தான் செஞ்சேன் என்பான்.

மீன் சட்டியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"யாரு வாராங்க?" என்றான் பத்துமலை, சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி.

"யாருமில்ல" என்றாள், அவனுடைய இடது பக்கம் போய் நின்றுகொண்டு. கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. அவனுக்கு அது எங்கே என்று தெரியவில்லை. அவள் சொல்லவில்லை.